இடிடராட் நாய்வண்டிப் பந்தயத்தின் தொடக்கம்

இடிடராட் என்பது அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடைபெறும் நெடுந்தூர நாய்வண்டிப் பந்தயம் ஆகும். ஆங்கரேஜ் நகரப் பகுதியில் தொடங்கி, பெரிங் கடற்கரையில் உள்ள நோம் என்ற சிற்றூரில் முடிகிறது. பந்தயத்தின் தூரம் 1,049 மைல் என்று சொல்வது வழக்கம். இது அளந்து சொன்ன தூரம் அன்று. ஆயிரம் மைலுக்கு மேற்பட்டது என்பதற்கு 1,000. அமெரிக்க ஒன்றியத்தின் 49ஆவது மாநிலம் அலாஸ்கா என்பதற்கு 49. உண்மையான தூரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இரட்டைப்படை ஆண்டுகளில் வடக்குப் பாதையிலும் ஒற்றைப்படை ஆண்டுகளில் தெற்குப் பாதையிலும் வண்டிகள் செல்கின்றன.

பந்தயத்தின் முடிவை நேரில் காண்போர் சிலரே. நோம் ஊருக்கு மற்ற நகரங்களிலிருந்து சாலைத் தொடர்பு கிடையாது. விமானத்தில்தான் போக வேண்டும். எனவே பெரும்பாலான மக்கள் நேரில் பார்ப்பது தொடக்கத்தை மட்டுமே. அந்தத் தொடக்கத்துக்கென்று தனி வரலாறு உண்டு.

பாதை முதலில், பந்தயம் பிறகு

இடிடராட் என்பது முதலில் ஓர் ஆற்றின் பெயர். பிறகு ஓர் ஊரின் பெயர். 'தொலைவான இடம்' என்று இதற்குப் பொதுவாகப் பொருள் சொல்வர். 1908ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அப்பகுதியில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. 1910இல் ஆயிரக்கணக்கானோர் அங்கே குவிந்தனர். தெற்கே சூவர்ட் துறைமுகத்திலிருந்து வடமேற்கே நோம் வரை குளிர்காலப் பாதை ஒன்று வெட்டப்பட்டது. கடல் உறைந்து கப்பல் வராத மாதங்களில் தபால், உணவுப் பொருள், மருந்து எல்லாம் இந்தப் பாதையில் நாய்வண்டியில்தான் வந்தன. திரும்பும் வண்டிகளில் தங்கம் போனது. தங்கம் தீர்ந்ததும் ஊரும் தீர்ந்தது. இன்று இடிடராட்டில் யாரும் வசிப்பதில்லை. தெற்குப் பாதையில் பந்தயம் செல்லும் ஆண்டுகளில் மட்டும் அந்தப் பாழூருக்குச் சில நாள் உயிர் வருகிறது.

தங்க வேட்டையர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அலாஸ்காவின் பழங்குடி மக்கள் நாய்களை வண்டியில் பூட்டிப் பயணம் செய்து வந்தனர் என்பதை மாணவர்கள் மறந்துவிடக் கூடாது. பாதையின் பல பகுதிகள் அவர்கள் நடந்து பழகிய தடங்களே. வெளியிலிருந்து வந்தவர்கள் அவற்றை இணைத்து, அகலப்படுத்தி, வரைபடத்தில் ஏற்றினர்.

நாய்வண்டிப் பந்தயமும் நோம் ஊருக்குப் புதிதன்று. 1908 முதல் 1917 வரை அங்கே 'அனைத்து அலாஸ்கா ஸ்வீப்ஸ்டேக்ஸ்' என்ற பந்தயம் நடந்தது. நோமிலிருந்து கேண்டில் என்ற ஊர் வரை சென்று திரும்ப வேண்டும். மொத்தம் 408 மைல், அதாவது சுமார் 657 கிலோமீட்டர். புறப்பாட்டு நாளில் பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் மூடப்பட்டு ஊரே தெருவில் நின்றது. வழிநெடுகத் தொலைபேசிக் கம்பி இருந்ததால், எந்த வண்டி எந்த இடத்தைக் கடந்தது என்ற செய்தி ஊருக்கு உடனுக்குடன் வந்தது. பந்தயக் கட்டும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். அப்பந்தயத்தில் ஒரு கடுமையான விதி உண்டு. புறப்பட்டபோது எத்தனை நாய்கள் இருந்தனவோ அத்தனையும் திரும்ப வேண்டும். நடக்க முடியாத நாயை ஓட்டுநர் வண்டியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இரக்கமற்ற விதியாகத் தோன்றும். ஆனால் தளர்ந்த நாயையும் சுமக்க நேரும் என்ற அச்சமே நாய்களை அளவுக்கு மீறி விரட்டாமல் ஓட்டுநரைத் தடுத்தது.

இந்தப் பந்தயத்தில் 1915, 1916, 1917 ஆகிய மூன்று ஆண்டுகளும் வென்றவர் லியோன்ஹார்டு செப்பாலா. நார்வேயில் பிறந்து தங்கம் தேடி அலாஸ்கா வந்தவர். அவர் பெயர் அடுத்த பகுதியிலும் வரும்.

கூட்டம் இல்லாத புறப்பாடு

1925 ஜனவரியில் நோம் ஊரில் டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருத்துவர் கர்டிஸ் வெல்ச் தந்தி மூலம் உதவி கேட்டார். ஆங்கரேஜ் மருத்துவமனையில் 3 லட்சம் அலகு மருந்து இருந்தது. அது நெனானா என்ற ஊர் வரை ரயிலில் வந்தது. அங்கிருந்து நோமுக்கு 674 மைல், ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர். அக்காலத் திறந்த விமானங்களைக் கடுங்குளிரில் அனுப்ப அதிகாரிகள் துணியவில்லை. ஜனவரி 27 இரவு 9 மணியளவில் பில் ஷானன் என்ற ஓட்டுநர் மருந்துப் பொதியை வண்டியில் கட்டிக்கொண்டு நெனானாவிலிருந்து புறப்பட்டார். கொடியசைப்பு இல்லை, கூட்டம் இல்லை. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு என 20 ஓட்டுநர்களும் சுமார் 150 நாய்களும் சேர்ந்து ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டு சேர்த்தனர். பிப்ரவரி 2 விடியற்காலை, பால்டோ என்ற நாயை முன்னோடியாகக் கொண்டு குன்னார் காசன் நோமுக்குள் நுழைந்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பால்டோவுக்குச் சிலை எழுந்தது. மருந்தோடு மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியைக் கடந்தவை செப்பாலாவும் அவருடைய முன்னோடி நாய் டோகோவும் ஓட்டிய வண்டியே. மருந்துடன் 91 மைல், எதிர்கொண்டு சென்ற தூரத்தையும் சேர்த்தால் சுமார் 260 மைல். இருபது பேரில் பலர் அதபாஸ்கன் முதலிய பழங்குடியைச் சேர்ந்தவர்கள். அவர்களில் எவர் பெயரும் ஊர் ஊராகப் பரவவில்லை. கடைசிக் கையில் இருந்தவருக்கே மாலை விழுந்தது.

இடிடராட் பந்தயம் இந்த மருந்து ஓட்டத்தின் நினைவாகத் தொடங்கப்பட்டது என்று பலரும் எழுதுகின்றனர். இது முழு உண்மையன்று. மருந்து ஓட்டத்தின் புகழ் பந்தயத்துக்குத் துணை நின்றது. பந்தயப் பாதையும் அன்றைய பாதையும் ஓரளவு ஒன்றுபடுகின்றன. ஆனால் பந்தயம் பிறந்ததற்குக் காரணம் வேறு.

இரும்பு நாய்

1924 பிப்ரவரியில் கார்ல் பென் ஐல்சன் என்ற விமானி ஃபேர்பாங்க்ஸிலிருந்து மெக்ராத் ஊருக்கு விமானத்தில் தபால் கொண்டுசென்றார். நாய்வண்டித் தபாலின் முடிவுக்கு அதுவே தொடக்கம் எனலாம். இருந்தாலும் அது மெல்லத்தான் முடிந்தது. புனித லாரன்ஸ் தீவில் செஸ்டர் நூங்வுக் என்பவர் 1963 வரை நாய்வண்டியில் தபால் கொண்டுசென்றார்.

நாய்களை உண்மையில் ஊரைவிட்டு விரட்டியது பனியில் ஓடும் மோட்டார் வண்டி. 1960களில் அது அலாஸ்காவின் சிற்றூர்களுக்குள் நுழைந்தது. 'இரும்பு நாய்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நாய்க்குக் கோடையிலும் தீனி போட வேண்டும். ஒரு குடும்பத்தின் நாய்களுக்காக ஆற்றில் நூற்றுக்கணக்கான மீன்களைப் பிடித்து உலர்த்த வேண்டும். இரும்பு நாய்க்கு ஓடும்போது மட்டும் பெட்ரோல் ஊற்றினால் போதும். சில ஆண்டுகளிலேயே பல ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த நாய்கள் காணாமல் போயின.

இதைக் கண்டு கலங்கியவர்களில் ஒருவர் ஜோ ரெடிங்டன். 1948இல் அலாஸ்காவுக்கு வந்து, பழைய பாதையை ஒட்டிய நிக் என்ற ஊரில் குடியேறியவர். இன்னொருவர் டாரத்தி பேஜ். ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை அமெரிக்கா வாங்கியதன் நூற்றாண்டு 1967இல் வந்தது. வசில்லா, நிக் பகுதியின் நூற்றாண்டு விழாக் குழுவுக்கு டாரத்தி பேஜ் தலைவர். பழைய பாதையில் நாய்வண்டிப் பந்தயம் நடத்தலாம் என்பது அவர் யோசனை. ஆனால் நாய்வண்டி ஓட்டுவோர் யாரும் முதலில் ஆர்வம் காட்டவில்லை. 1966இல் வில்லோ ஊரின் குளிர்காலத் திருவிழாவில் அவர் ரெடிங்டனைச் சந்தித்தார். பரிசுத் தொகை 25,000 டாலர் என்றால் சம்மதம் என்றார் ரெடிங்டன். பணம் திரட்டுவதற்காக அவரும் அவர் மனைவி வையும் தங்கள் நிலத்தில் ஓர் ஏக்கரைக் கொடுத்தனர். அது சதுர அடிக் கணக்கில் பத்திரத்தோடு விற்கப்பட்டது.

1967 பிப்ரவரியில் நடந்த அந்தப் பந்தயம் 56 மைல் மட்டுமே. 58 பேர் கலந்துகொண்டனர். டெல்லர் ஊரைச் சேர்ந்த ஐசக் ஓக்லியாசிக் வென்றார். அதற்கு முந்தைய மாதந்தான் செப்பாலா இறந்திருந்தார். பந்தயத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. மறு ஆண்டு பனி இல்லாததால் பந்தயம் நடக்கவில்லை. 1969இல் நடந்தது, பரிசு 1,000 டாலராகச் சுருங்கியதால் ஆட்களும் குறைந்தனர். அத்தோடு எல்லாம் முடிந்தது என்றே பலர் நினைத்தனர்.

1973 மார்ச் 3

ரெடிங்டன் நினைக்கவில்லை. பந்தயத்தைச் சிறிதாக்காமல் பல மடங்கு பெரிதாக்கினார். ஆங்கரேஜிலிருந்து நோம் வரை, ஆயிரம் மைல்! அவருக்குத் தோள் கொடுத்தவர்கள் கிளியோ ஹைக், டாம் ஜான்சன் என்ற இரு பள்ளி ஆசிரியர்கள். உலகப் புகழ் பெற்ற பல காரியங்களுக்குப் பின்னால் இப்படி வெளியே தெரியாத ஆசிரியர் இருவர் இருப்பது அரிதன்று. நாய்கள் அவ்வளவு தூரம் ஓடுமா, ஆட்கள் வழியில் உறைந்து போவார்களா என்பது யாருக்கும் தெரியாது. 50,000 டாலர் பரிசு என்று அறிவித்தாயிற்று. பந்தயம் தொடங்கும் நாளில் முழுப் பணமும் கையில் இல்லை. ரெடிங்டன் அந்த ஆண்டு தாம் வண்டி ஓட்டவில்லை. மற்றவர்கள் பனியில் போய்க்கொண்டிருக்க, அவர் பணம் திரட்டிக்கொண்டிருந்தார்.

1973 மார்ச் 3 அன்று 34 பேர் புறப்பட்டனர். வழியனுப்ப வந்தவர்களில் பலர், இவர்களை மீட்டுக்கொண்டுவர ஆள் அனுப்ப நேரும் என்றே எண்ணினர். ரெட் டெவில் என்ற சிற்றூரைச் சேர்ந்த டிக் வில்மார்த் 20 நாளில் நோமை அடைந்து வென்றார். 22 பேர் பந்தயத்தை முடித்தனர். கடைசியாக வந்த ஜான் ஷுல்ட்ஸுக்கு 32 நாள் ஆயிற்று. பரிசுப் பணமும் வெற்றியாளர் வருவதற்குள் சேர்ந்துவிட்டது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த முதல் பந்தயத்தில் பத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. நாய்களைக் காக்க எழுந்த பந்தயத்தில் நாய்கள் இறந்தது அன்றே எதிர்ப்பைக் கிளப்பியது. கால்நடை மருத்துவர்களை வழிநெடுக நிறுத்தும் ஏற்பாடு அதன் பின்னரே படிப்படியாக உறுதிப்பட்டது.

மறு ஆண்டு மேரி ஷீல்ட்ஸ் பந்தயத்தை முடித்த முதல் பெண் ஆனார். 1985இல் லிபி ரிடில்ஸ் வென்றார். அதற்குப் பின் சூசன் புட்சர் நான்கு முறை வென்றார். தொடக்கக் கோட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரிசை கிடையாது.

இரண்டு தொடக்கங்கள்

இன்று இடிடராட் இருமுறை தொடங்குகிறது. மார்ச் முதல் சனிக்கிழமை ஆங்கரேஜ் நகரின் நான்காம் அவென்யூவில் நடப்பது சடங்குத் தொடக்கம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நகருக்கு வடக்கே உள்ள வில்லோவில் நடப்பதே உண்மையான தொடக்கம். நகருக்கும் பழைய பாதைக்கும் நடுவே நெடுஞ்சாலையும் குடியிருப்பும் வந்துவிட்டதால் ஓரிடத்திலிருந்து நேராக ஓடிப்போக முடிவதில்லை. முன்பு வசில்லாவில் மறுதொடக்கம் நடந்தது. அங்கே வீடுகள் பெருகி, பனியும் குறையவே, 2008 முதல் வில்லோ நிலையான இடமாயிற்று. ரெடிங்டனும் டாரத்தி பேஜும் சந்தித்த அதே வில்லோ!

நான்காம் அவென்யூ 1964ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தில் பிளந்து உள்வாங்கிய தெரு. இப்போது கடைகளும் ஓட்டல்களும் நிறைந்த நகர வீதி. பந்தயத்துக்கு முந்தைய இரவு லாரிகளில் பனியைக் கொண்டுவந்து தெருவில் கொட்டிப் பரப்புகிறார்கள். பனி நாட்டில் பனியை வண்டியில் கொண்டுவர வேண்டுமா என்று கேட்கலாம். வாகனம் ஓடும் தெருவில் பனியை அகற்றுவதுதான் நகராட்சியின் வேலை. அன்று ஒரு நாள் அது தலைகீழாகிறது.

விடியும் முன்பே பக்கத்துத் தெருக்களில் நாய் லாரிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு லாரியின் முதுகிலும் சிறு சிறு அறைகள், அறைக்கொரு கதவு, கதவிலிருந்து எட்டிப் பார்க்கும் நாய் முகம். இவை பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கி என்ற கலப்பு நாய்கள். படங்களில் காணும் நீலக்கண், அடர்ரோமச் சைபீரிய நாயை எதிர்பார்த்துப் போகிறவருக்கு முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். ஒல்லியானவை, நீண்ட காலுடையவை, எடை 20 முதல் 25 கிலோ. நாய்களை இறக்கி, கவசவார் மாட்டி, காலில் துணிக் காலுறை அணிவிக்கிறார்கள். பனிக்கட்டி பாதத்தைக் கிழிக்காமல் காக்கும் இந்தக் காலுறைகள் ஒரு பந்தயத்தில் ஓர் அணிக்கே ஆயிரக்கணக்கில் செலவாகின்றன.

நடுவே ஒரு நீண்ட கயிறு. அதன் இருபுறமும் இரண்டிரண்டாக நாய்களைப் பூட்டுகிறார்கள். முதலில் நிற்பவை வழிகாட்டி நாய்கள். அவை ஓட்டுநரின் சொல்லைக் கேட்டுத் திரும்பும். 'ஜீ' என்றால் வலம், 'ஹா' என்றால் இடம். கடிவாளம் கிடையாது. வண்டிக்கு அடுத்து நிற்பவை வலிமை மிக்கவை. வளைவில் வண்டியின் பாரத்தைத் தாங்குபவை அவையே. ஓட்டுநரை 'மஷர்' என்கிறார்கள். 'நடங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு இது. ஆனால் இன்று யாரும் நாயைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

கயிற்றில் பூட்டியதுமே நாய்களுக்குப் பொறுமை போய்விடும். குரைப்பும் ஊளையும் தெருவை நிறைக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. நாய்கள் நின்ற இடத்திலேயே நான்கு காலும் தரையைவிட்டு எழும்பத் துள்ளும். ஓர் அணியைத் தொடக்கக் கோடு வரை நடத்திச் செல்ல ஏறத்தாழ பத்துப் பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். நாயை ஓடச் செய்வது அங்கே வேலையே அன்று. நிற்கச் செய்வதுதான் வேலை. எண்ணி முடித்துக் கைவிட்டதும் வண்டி பாயும். அந்த நொடியே குரைப்பு நின்றுவிடும். ஓடும் நாய் குரைப்பதில்லை. பனியில் வண்டிச் சட்டம் உராயும் ஓசை மட்டும் கேட்கும். முதன்முறை பார்ப்பவர்களைத் திகைக்க வைப்பது அந்தத் திடீர் அமைதிதான்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி. முதல் எண் யாருக்கும் கிடையாது. பந்தயத்துக்குத் தொண்டு செய்த ஒருவருக்கு மரியாதையாக அது ஒதுக்கப்படும். உண்மையில் முதலில் புறப்படுபவரின் எண் 2. சனிக்கிழமை ஓட்டம் சுமார் 11 மைல். நேரம் கணக்கில் சேராது. ஏலத்தில் பணம் கட்டி இடம் பெற்ற ஒருவர் ஒவ்வொரு வண்டியிலும் பயணியாக உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வில்லோவில் காட்சி வேறு. உறைந்த ஏரியின்மேல் தொடக்கக் கோடு. வண்டியில் பயணிக்குப் பதில் கோடரி, பனிக்காலணி, உறங்கும் பை, அடுப்பு, நாய்களுக்கான காலுறை ஆகியவை. இவை இல்லாமல் புறப்பட அனுமதி இல்லை. பழைய தபால் பாதையின் நினைவாகத் தபால் உறைகள் அடங்கிய சிறு பொதி ஒன்றையும் ஒவ்வொருவரும் நோம் வரை கொண்டுசெல்ல வேண்டும். ஏரிக்கு அப்பால் பாதையோரத்தில் குடும்பம் குடும்பமாக மக்கள் தீ மூட்டி, இறைச்சி சுட்டுக்கொண்டு, கடந்துபோகும் வண்டிகளுக்குக் கை நீட்டுகிறார்கள். 50 வண்டிகள் என்றால் கடைசி வண்டி முதல் வண்டிக்கு 98 நிமிடம் கழித்துத்தான் கிளம்பும். வழியில் எல்லோரும் கட்டாயமாக எடுக்க வேண்டிய 24 மணி நேர ஓய்வின்போது இந்த வேறுபாட்டைச் சரிசெய்துவிடுகிறார்கள். இது வெறும் சம்பிரதாயக் கணக்கன்று. 1978இல் டிக் மெக்கி, ரிக் ஸ்வென்சனை ஒரே ஒரு நொடியில் வென்றார். அதுவும் 14 நாள் ஓட்டத்துக்குப் பிறகு.

பனி வராத ஆண்டுகள்

2003ஆம் ஆண்டு வழக்கமான பாதையில் போதிய பனி இல்லாததால் உண்மைத் தொடக்கம் வடக்கே வெகுதொலைவில் உள்ள ஃபேர்பாங்க்ஸுக்கு மாற்றப்பட்டது. 2015இலும் 2017இலும் 2025இலும் இதுவே நடந்தது. முப்பது ஆண்டு காலம் ஒருமுறைகூட நேராதது, பின்னர் இருபத்து மூன்று ஆண்டுகளில் நான்கு முறை நேர்ந்திருக்கிறது. 2016இல் ஆங்கரேஜ் தெருவில் பரப்பவே பனி இல்லை. ஃபேர்பாங்க்ஸிலிருந்து ரயில் பெட்டிகளில் பனி வந்து இறங்கியது. சனிக்கிழமை ஓட்டம் 11 மைலிலிருந்து 3 மைலாகக் குறைக்கப்பட்டது. 1925இல் மருந்து வந்த ரயில்பாதையில் எதிர்த்திசையில் பனி வந்தது.

கொரோனா காலத்தில், 2021இல், நகரத் தொடக்கமே நடக்கவில்லை. கூட்டத்தைத் தவிர்க்க வில்லோ அருகே ஆற்றங்கரையில் புறப்பட்டு, பாதி வழி சென்று, அங்கேயே திரும்பினர். நோமுக்குச் செல்லாத முதல் இடிடராட் அதுதான்.

எதிர்ப்பும் தொடர்கிறது. விலங்குநல அமைப்புகள் ஆண்டுதோறும் குரல் எழுப்புகின்றன. பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு நாய்க்கும் இரத்தப் பரிசோதனையும் இதயத் துடிப்புப் பதிவும் நடக்கின்றன. தளர்ந்த நாயை வழியில் மருத்துவரிடம் ஒப்படைக்கலாம். இருந்தும் 2024 பந்தயத்தில் மூன்று நாய்கள் இறந்தன. பெரிய நிறுவனங்கள் சில தங்கள் ஆதரவை விலக்கிக்கொண்டன. ஓட விரும்பும் நாயை ஓடவிடுவதில் தவறில்லை என்பது ஒரு வாதம். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை நாய் சொல்லாது என்பது மறுவாதம். தொடக்கக் கோட்டில் துள்ளும் நாயைப் பார்த்தவர்களுக்கு முதல் வாதம் எளிதில் புரியும். இரண்டாவதைப் புரிந்துகொள்ளப் பாதையின் நடுப்பகுதியைப் பார்த்திருக்க வேண்டும். அதைப் பார்ப்போர் குறைவு.

நாய்த்தீனி, போக்குவரத்துச் செலவு ஏறிவிட்டதால் போட்டியாளரும் குறைந்துவிட்டனர். 2008இல் 90க்கும் மேற்பட்ட வண்டிகள் புறப்பட்டன. 2023இல் 33 மட்டுமே. முதல் ஆண்டில் புறப்பட்டதைவிட ஒன்று குறைவு. அந்த ஆண்டு வென்றவர் ரயன் ரெடிங்டன், ஜோ ரெடிங்டனின் பேரன். தாத்தா 19 முறை ஓடியும் ஒருமுறைகூட வென்றதில்லை. 1999இல் அவர் இறந்தபோது அவருக்குப் பிடித்த வண்டியிலேயே வைத்து அடக்கம் செய்தனர்.

தெற்கே வண்டிகள் புறப்படும் ஞாயிற்றுக்கிழமையில் நோம் ஊரிலும் ஒரு வேலை நடக்கிறது. முடிவுக் கோட்டில் உள்ள மர வளைவில் எண்ணெய் விளக்கு ஒன்றை ஏற்றித் தொங்கவிடுகிறார்கள். தபால் வண்டிக் காலத்தில், பாதையில் ஓர் ஓட்டுநர் வந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் வழிச்சத்திரங்களில் இப்படி விளக்கு ஏற்றி வைப்பார்கள். அவர் வந்து சேரும்வரை அணைக்க மாட்டார்கள். இன்றும் வென்றவர் வந்ததும் அதை அணைப்பதில்லை. கடைசி வண்டி வந்த பிறகு, அதை ஓட்டி வந்தவரே தம் கையால் அணைக்கிறார்.